தமிழ்நாட்டின் எல்லை எப்போதெல்லாம் மாறியது? இன்றைய மக்கள்தொகை, பொருளாதார நிலை என்ன?

குரூப் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படியானால் இவ்வளவு போதும். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1-ல் மலபாரும் தென் கன்னடமும் போயின. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் வந்தன. 1960 ஏப்ரல் 1-ல் ஆந்திரத்திடமிருந்து திருத்தணி வந்தது. 'தமிழ்நாடு' என்ற பெயர் 1969-ல்தான். பரப்பளவு சுமார் 1,30,000 சதுர கி.மீ.

'வந்தன' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். நான் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோட்டுக்காரன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் வீடு கட்ட சென்னையில் ஒரு வங்கியில் கடன் கேட்டேன். மூலப்பத்திரம் வேண்டும் என்றார்கள். பாட்டா, அதாவது என் தாத்தா, வாங்கிய பிரமாணத்தை (கிரையப் பத்திரத்தை) கொண்டுபோய் வைத்தேன். முழுக்க மலையாள எழுத்து. தேதி '1120 கன்னி'. அதிகாரி என்னையும் காகிதத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சோழர் காலத்துப் பத்திரமா சார்?" என்றார். கொல்லம் ஆண்டு 1120 என்றால் 1944 என்று விளக்கினேன். அடுத்த கேள்வி: "அப்போ நீங்க மலையாளியா?"

அதே கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லத்தான் பாட்டா தலைமுறை, எங்கள் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிய நேசமணி பின்னால் போனது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை. அவ்வளவு போராடியும் நாங்கள் கேட்ட தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கிடைக்கவில்லை. மலையாளிகள் மேல் வெறுப்பு என்று யாரும் கமெண்டில் கிளம்ப வேண்டாம்; என் அத்தையைக் கட்டிக்கொடுத்ததே கேரளத்துப் பாறசாலையில்தான்.

சரி, புள்ளிவிவரம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் அதற்குப் பிறகும் எல்லோரும் அதையேதான் சொல்லிவந்தோம். நாட்டின் நிலத்தில் 4 சதவீதம், மக்களில் 6, மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 9. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த பொருளாதாரம் நாம்தான். மக்கள்தொகை மற்ற மாநிலங்களைவிட மெதுவாக வளர்ந்ததற்குப் பரிசு, 41 எம்.பி. தொகுதி 1967-ல் 39 ஆனது.

மாநிலத்தில் சதுர கி.மீ.க்கு 555 பேர் என்றால் எங்கள் மாவட்டத்தில் 1,111. எழுத்தறிவு 91.75 சதவீதம், சென்னையைவிட அதிகம். பெருமைக்குச் சொல்கிறேன் என்றால், ஆமாம், பெருமைக்குத்தான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மலையை உடைத்த கல்லோடு ராத்திரி பகலாக டாரஸ் லாரிகள் கேரளாவுக்குப் போகின்றன. மார்த்தாண்டம் தாண்டுவதற்குள் பைக்கில் போகிறவன் உயிர் கையில் இருக்காது. எந்த ஆட்சி வந்தாலும் இதே கதைதான், கட்சிச் சாயம் பூசாதீர்கள்.

பிரமாணத்துக்கு வருகிறேன். பழைய ஆதார எழுத்தர் (பத்திரம் எழுதுபவர்) ஒருவரைத் தேடிப்பிடித்து, வரிவரியாக வாசிக்கச் சொல்லித் தமிழில் எழுதி வாங்கினேன். கிழக்கு எல்கை வாய்க்கால், வடக்கு எல்கை அயனி மரம், மேற்கு எல்கை பாறை. வங்கியிலிருந்து இடம் பார்க்க வந்தவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தார். தண்ணீர் தேங்கிய கல்குவாரிக் குழிதான் கிடந்தது. "பாறை எங்க சார்?" என்றார்.