அப்பா கிட்னி கட்டிக்கு ரோபோ ஆபரேஷன் - பட்டர்வொர்த் தங்கச்சிக்கு

தங்கச்சி, அப்பாவுக்கு இடது கிட்னில 3.5 செண்டிமீட்டர் கட்டி, டாக்டர் ரோபோ வெச்சு பண்ணலாம்ங்கறாரு, மெஷின் தப்பா வெட்டிருமோன்னு அம்மா அழுவுறாங்கன்னு போட்டிருந்தீங்க. அது தானா ஒன்னும் வெட்டாதும்மா, டாக்டரு அதே ரூம்ல ஒரு பெட்டி முன்னாடி உக்காந்து உள்ள பெருசா பாத்துக்கிட்டே கையால ஓட்டுவாரு, அவர் கை நின்னா அதுவும் நின்னுரும். கோலாலம்பூர் ஜிஎச்சுல 2004லயே ஆரம்பிச்சிட்டாங்க, புதுசு இல்ல லா.

நீங்க கேக்க வேண்டியது வேற. முழு கிட்னியையும் எடுக்கப் போறாரா, கட்டிய மட்டுமா? 4 செண்டிக்குள்ள இருந்தா முடிஞ்சவரைக்கும் கட்டிய மட்டும் எடுக்கதான் பாப்பாங்க, ஆனா கட்டி ரத்தக் குழாய் பக்கம் இருந்தா கதை மாறும். கிட்னிக்குப் போற ரத்தத்த கிளிப் போட்டு நிறுத்தி, வெட்டி, தைச்சு, கிளிப்ப எடுக்கணும், அதுக்கு 25, 30 நிமிஷத்துக்கு மேல போகக்கூடாதுன்னு பாப்பாங்க, அந்த அவசரத் தையலுக்குதான் ரோபோவோட வளையற கை உதவுது. அதனால மெஷின விட, அவரு இதுவரைக்கும் எத்தன பண்ணிருக்காருன்னு கூச்சப்படாம கேளுங்க.

எங்க மாமாவுக்கு கேஎல்ல பண்ணப்ப வயித்த விட தோள்பட்டைதான் வலிக்குதுன்னு ரெண்டு நாளா ஒரே புலம்பல், ஆபரேஷனுக்காக வயித்துக்குள்ள அடிக்கிற கேஸால அப்படி வருமாம், யாரும் முன்னாடி சொல்லல.

அப்பா ரத்தம் இளகுற மாத்திரை சாப்பிட்டா இப்பவே டாக்டர்கிட்ட சொல்லிருங்க. இன்சூரன்ஸ்ல ரோபோ சார்ஜும் சேருதான்னு ஜிஎல் (இன்சூரன்ஸ்காரங்க ஆஸ்பத்திரிக்கு நாங்க கட்டுறோம்னு குடுக்குற லெட்டர்) வர்றதுக்குள்ள எழுத்துல வாங்கிக்குங்க, நாங்க அதுலதான் மாட்டுனோம்.