காற்று மாசு அளக்கும் கருவிகளின் பராமரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பீட்டா கதிர் முறையில் பி.எம். 2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகள்) அளக்கும் கருவி எங்கள் நிலையத்தில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டேப் (தூசு படியும் வடிகட்டி நாடா) மாற்றுகிறோம். எரர் எதுவும் வருவதில்லை. வேறு என்ன பார்க்க வேண்டும்?

டேப் இரண்டு மாதம் தாங்கும், ஆனால் டேப்பின் மேல் அழுந்திக் காற்றைச் செலுத்தும் நாசிலின் சுத்தம் அவ்வளவு நாள் தாங்காது. கழற்றிய பழைய டேப்பைத் தூக்கிப் போடாமல் வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். மணிக்கு ஒன்றாக விழுந்திருக்கும் சாம்பல் வட்டங்களின் விளிம்பு பளிச்சென்று வெட்டிவைத்த மாதிரி இருக்க வேண்டும். விளிம்பு மங்கலாகக் கலைந்திருந்தால் காற்று கசிகிறது. வட்டத்துக்குள் ஊசித்துளை தெரிந்தால், நாசிலில் இறுகி ஒட்டிய தூசுதான் டேப்பைக் குத்தியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் கருவி எரர் காட்டாமலே போகலாம்.

மாதம் ஒருமுறையாவது ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் நாசிலின் அடிவிளிம்பையும், டேப்புக்குக் கீழே உள்ள தாங்கியையும் துடையுங்கள். ஆனால் துடைக்கும் முன் லீக் டெஸ்ட் செய்து, வந்த எண்ணை அப்படியே எழுதிவையுங்கள். பலரும் முதலில் பளபளவென்று துடைத்துவிட்டு, பிறகு டெஸ்ட் செய்து, 'சரியாக உள்ளது' என்று எழுதுகிறார்கள். போன மாதம் முழுக்கக் கசிந்ததா இல்லையா என்பது அதோடு அழிந்துபோகிறது. சர்வீஸ் கருவிக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே பதிவான டேட்டாவுக்கும்தான்.

அப்புறம் ஃப்ளோ, அதாவது கருவி உள்ளிழுக்கும் காற்றின் ஓட்டம். நிமிடத்துக்கு 16.7 லிட்டர் என்பது வெறும் காற்றின் அளவு அல்ல. காற்றைச் சுழற்றிப் பெரிய துகளை ஒதுக்கும் சைக்ளோன், அந்த வேகத்தில்தான் 2.5 மைக்ரானில் துகளைப் பிரிக்கும். ஃப்ளோ குறைந்தால் பெரிய துகளும் உள்ளே நுழைந்துவிடும். திரையில் தெரியும் ஃப்ளோவை நம்பாமல், தனி ஃப்ளோமீட்டரை வைத்துப் பாருங்கள். இன்லெட்டின் தண்ணீர் ஜாடியைக் காலி செய்யவும், உள்ளே சிலந்தி வலை இருக்கிறதா என்று பார்க்கவும் மறக்காதீர்கள்.

நைட்ரஜன் ஆக்சைடு அனலைசரில் தினமும் ஸ்பான் (அளவு தெரிந்த வாயுவைச் செலுத்திச் சோதிப்பது) பார்த்து, வித்தியாசம் இருந்தால் உடனே திருத்துகிறோம். சரிதானே?

தினமும் பார்ப்பது சரி, தினமும் திருத்துவது தவறு. கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போனால் கருவி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே தெரியாது. எண்ணைக் குறித்து வரைபடமாகப் போட்டுவாருங்கள். நீங்கள் வகுத்த எல்லையைத் தாண்டினால் மட்டும் முழு கேலிபரேஷன் செய்யுங்கள். அதற்கு முன் ஸ்பான் வாயு சிலிண்டரின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ரெகுலேட்டரை அந்த வாயுவால் நன்றாக பர்ஜ் செய்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். உள்ளே காற்று தங்கியிருந்தால் நைட்ரிக் ஆக்சைடு அங்கேயே நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறிவிடும். நீங்கள் நல்ல கருவியைப் போய்த் திருத்திக்கொண்டிருப்பீர்கள். அளப்பதற்காக நைட்ரஜன் டை ஆக்சைடை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றும் மாலிப்டினம் கன்வெர்ட்டரின் திறன் 96 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள்.

வீட்டில் சின்ன லேசர் சென்சார் வைத்திருக்கிறேன். மார்கழிக் காலையில் எண் எகிறுகிறது. தூசு அடைத்துக்கொண்டதா?

அடைப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. ஈரக் காற்றில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும், லேசருக்கு அவை பெரிதாகத் தெரியும். அதோடு, குளிர்ந்த காலையில் புகை மேலே கலையாமல் தரையோடு தங்குவதும் உண்மை. எனவே எண்ணை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். அருகில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையம் இருந்தால் 24 மணி நேரச் சராசரியை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போகிப் புகைக்குப் பிறகு ஒருமுறை மின் இணைப்பைத் துண்டித்து, காற்று நுழையும் வாயை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கம்ப்ரெசர் காற்றை அடிக்க வேண்டாம், உள்ளே இருக்கும் குட்டி ஃபேன் கெட்டுவிடும்.

மொட்டை மாடியில் உள்ள தூசு சாம்ப்ளரில் சாயங்காலமானால் ஃப்ளோ இறங்குகிறது. மோட்டாரின் கார்பன் பிரஷ் மாற்றியும் சரியாகவில்லை.

தினமும் அதே நேரத்தில் இறங்குகிறது என்றால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். மின்னழுத்தம் குறைந்தால் மோட்டாரின் வேகமும் குறையும். நல்ல ஸ்டெபிலைசர் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஃபில்டர் பேப்பரைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தைக் கவனியுங்கள். அங்கே தூசு படிந்திருந்தால் கேஸ்கெட் (காற்று கசியாமல் அடைக்கும் பட்டை) தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.