மிளகாய்த்தூளுக்கு என்ன அவசரம்?

கேள்வி: அன்புள்ள அக்கா, என் மகன் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். கண்டதையும் வாங்கித் தின்ன வேண்டாமே என்று போன மாதம் வாழைக்காய் சிப்ஸ் போட்டு அனுப்பினேன். காயை வட்டமாகச் சீவி, உப்பும் மிளகாய்த்தூளும் பெருங்காயமும் பிசறி, அரை மணி நேரம் வைத்திருந்துதான் பொரித்தேன். முதல் ஈடு சுமாராக வந்தது. அடுத்தடுத்த ஈடுகள் கறுத்துவிட்டன. ஆறவைக்க நேரமில்லாமல் டப்பாவில் போட்டு கூரியருக்கு ஓடினேன். மூன்றாம் நாள் போனில், "அம்மா, எல்லாம் நமுத்துப் போச்சு, காரமும் இல்லை, கசக்குது" என்கிறான். எங்கே தப்பு? உருளைக்கிழங்குக்கும் இதே முறைதானா?
- ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

அன்புத் தங்கைக்கு,

எங்கே தப்பு என்று கேட்டுவிட்டு, பதிலையும் நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பிசறி அரை மணி நேரம் வைத்தேன் என்கிறீர்களே, அங்கேதான். பஜ்ஜிக்கும் வறுவலுக்கும் பிசறிப் பழகிய கை சிப்ஸுக்கும் அப்படியே செய்துவிடுகிறது.

வெள்ளரிக்காய்ப் பச்சடியில் உப்பைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் அசந்தால் கிண்ணம் முழுக்கத் தண்ணீர் நிற்கும், பார்த்திருப்பீர்கள். வாழைக்காயும் அப்படித்தான், உப்புப் பட்டதும் நீர் விடும். அந்த ஈரத்தோடு சட்டியில் விழுந்தால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும். சூடு இறங்கிய எண்ணெயில் சிப்ஸ் பொரியாது, வேகும். மிளகாய்த்தூளோ துண்டை விட்டுக் கழன்று எண்ணெயில் கருகி, அடியில் வண்டலாகத் தங்கிவிடும். முதல் ஈட்டின் காரம் அங்கேதான் போனது. இரண்டாம் ஈட்டில் அந்தக் கரி மேலே வந்து ஒட்டிக்கொண்டது, அதுதான் கறுப்பு, அதுதான் கசப்பு. போதாக்குறைக்குச் சூட்டோடு டப்பாவை மூடியிருக்கிறீர்கள். ஆவி மூடியில் பட்டு நீராகித் திரும்பவும் சிப்ஸ் மேலேயே இறங்கும். நமுக்காமல் என்ன செய்யும்?

சிரிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். கல்யாணமான புதிதில் நானும் இதையேதான் செய்தேன். நான் வாக்கப்பட்டது நாகர்கோவில் பக்கம். நேந்திரங்காய் சிப்ஸுக்குப் பேர்போன ஊர். புது மருமகள் கைவரிசையைக் காட்டலாம் என்று மிளகாய்த்தூள் பிசறிய துண்டுகளைக் காய்ந்த எண்ணெயில் போட்டேன். நெடி கிளம்பிய கிளம்பலில் திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமனார் இருமிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பை அணைத்து, சட்டியைக் கழுவி, வேறு தேங்காயெண்ணெய் ஊற்றினார்.

அன்று பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. உரித்த காயையும் சீவுகிற கட்டையையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். தட்டில் சீவி வைப்பதெல்லாம் கிடையாது, நேரே எண்ணெய்க்கு மேலேயே சீவினார். விழுந்ததும் சோவென்று மழை பிடித்த மாதிரி ஒரு சத்தம். அதற்கப்புறம் அவர் சட்டியைப் பார்க்கவே இல்லை. திரும்பி உட்கார்ந்து அடுத்த காயை உரிக்க ஆரம்பித்துவிட்டார். காது மட்டும் இந்தப் பக்கம். பாதி வெந்திருக்கும்போது ஒரு கரண்டி மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரை எடுத்துக் கொதிக்கிற எண்ணெயில் ஊற்றினாரே பார்க்கணும், நான் இரண்டடி பின்னால் பாய்ந்தேன்! எண்ணெய் பொங்கிப் படபடத்து அடங்கியது. மழை தூறலாகி, தூறலும் நின்று, சட்டி கிட்டத்தட்ட ஊமையானதும் அரிகரண்டியால் அள்ளினார். அரிகரண்டியில் விழுந்தபோதே கலகலவென்றது.

அந்தச் சத்தம் வேறொன்றுமில்லை, காயிலிருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிற ஓசை. சத்தம் இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். நிறத்தைப் பார்த்து எடுத்தால் ஏமாந்துபோவீர்கள், சிவந்த பிறகும் நடுவில் ஈரம் நிற்கும். குமிழி ஓய்ந்து சத்தம் அடங்கினால்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் ஊரில் சுலபமாகக் கிடைப்பது மொந்தன்தான். நேந்திரத்தைவிட அதில் நீர் கொஞ்சம் கூடுதல், அதனால் இன்னும் மெல்லிசாகச் சீவுங்கள். நன்றாக முற்றிய, ஆனால் பழுக்க ஆரம்பிக்காத காயாக இருக்க வேண்டும். நகத்தால் கீறினால் பால் கசிய வேண்டும். மூன்று நாளாகக் கூடையில் கிடந்த காய் வேண்டாம். பழுக்கத் தொடங்கினால் மாவு சர்க்கரையாக மாறும், சர்க்கரை ஏறிய காய் உள்ளே வேகும் முன்பே சிவந்துவிடும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உரித்தால் கறை பிடிக்காது. உரித்ததை மஞ்சள் கலந்த தண்ணீரில் போட்டு, சீவும் முன் துணியால் ஒற்றி எடுங்கள். சீவி வெளியே வைத்தால் காற்றுப் பட்டுக் கறுக்கும், ஆகவே நேரே எண்ணெயில்.

எண்ணெய் சட்டியில் பாதிக்கு மேல் வேண்டாம். ஒரு துண்டைப் போட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும், அதுதான் பதம். ஒரு ஈட்டுக்கு அரைக் காய் போதும். ஆசைப்பட்டு அள்ளிப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் வித்தையை இப்போதே முயல வேண்டாம். கை பழகினதும் ஒரு டீஸ்பூன் அளவில் ஆரம்பிக்கலாம், சற்றுத் தள்ளி நின்று.

இனி உங்கள் மிளகாய்த்தூள். நான்கு காய்க்கு ஒன்றரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், முக்கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் பெருங்காயத்தூள். மூன்றையும் மிக்ஸியின் சின்ன ஜாரில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். மாவு மாதிரி இருந்தால்தான் ஒட்டும். பரபரவென்று இருந்தால் டப்பா அடிக்குப் போய்விடும். சிப்ஸை அள்ளி எண்ணெய் வடிந்ததும், மேலே பளபளப்பு காயும் முன், சூட்டோடு அகலமான பாத்திரத்தில் போட்டு, பொடியைத் தூவிக் குலுக்குங்கள். ஒவ்வொரு ஈட்டுக்கும் அப்போதைக்கப்போதே. எல்லாம் பொரித்து முடித்தபின் மொத்தமாகத் தூவலாம் என்றால் முதலில் எடுத்தது ஆறிப்போயிருக்கும், அதில் ஒட்டாது. கடைசி ஈட்டோடு ஒரு பிடி கறிவேப்பிலையை ஈரமில்லாமல் துடைத்துப் பொரித்துச் சேருங்கள். எனக்கு அந்தக் கறிவேப்பிலைக்காகவே டப்பாவைத் துழாவுகிற பழக்கம் உண்டு.

தேங்காயெண்ணெய் வாசம் பழகாத வீட்டில் கடலை எண்ணெய் தாராளமாக ஆகும். ஏற்கெனவே வடை சுட்ட எண்ணெய் மட்டும் வேண்டாம். பத்து நாள் வைத்துத் தின்கிற பண்டத்தில் சிக்கு வாடை சீக்கிரம் ஏறிவிடும்.

உருளைக்கிழங்கு வேறு கதை. சீவியதும் நேரே எண்ணெயில் போடக் கூடாது. தண்ணீர் தெளிவாகும் வரை இரண்டு மூன்று முறை அலசி மாவைப் போக்கி, துணியில் பரப்பி, ஈரம் போக ஒற்றிய பிறகுதான் பொரிக்க வேண்டும். பிரிட்ஜில் வைத்த கிழங்கை எடுக்காதீர்கள். குளிரில் அதன் மாவும் சர்க்கரையாகும், சிப்ஸ் சிவந்து கசக்கும். காரப்பொடி மட்டும் அதே மாதிரி, கடைசியில்தான்.

பார்சல் அனுப்புகிற அன்று பொரிக்க வேண்டாம். முதல் நாள் சாயந்திரம் பொரித்து, இரண்டு மணி நேரமாவது ஆறவிட்டு, இரவே காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். காலையில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள், மொறுமொறுவென்றிருந்தால் அனுப்பலாம். டப்பா ஒன்று போதாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி அதற்குள் அடுக்குங்கள். விடுதியில் ஒருவன் டப்பாவைத் திறந்தால் அறை முழுக்கக் கை நீட்டும், மூடி வைக்க ஒருவனுக்கும் தோன்றாது.