நகையை அடகு வைக்கும் முன் கல்லூரியில் கேளுங்கள்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் கருவாடு வியாபாரம் செய்கிறேன். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். அரசுப் பள்ளியில் படித்த மகனுக்கு டிஸ்லெக்ஸியா (படிக்க, எழுதச் சிரமப்படும் கற்றல் குறைபாடு). பிளஸ் டூ தேறிவிட்டான். பி.காம். சேர்க்க நினைக்கிறோம். சென்னையில் ஒரு தனியார் கல்லூரி, "தனிக் கவனம் தருவோம்" என்கிறது. விடுதியோடு வருடம் 2 லட்சம். ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். 8 பவுன் நகை இருக்கிறது. அடகு வைக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம், சகோதரி. தனிக் கவனம் என்றால் என்ன செய்வார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் உண்டா? சொல்வதை எழுத ஆள் வேண்டுமென்றால் யார் ஏற்பாடு செய்வார்கள்? பாடத்தை போனில் பதிவு செய்ய விடுவார்களா? அங்கே படிக்கும் டிஸ்லெக்ஸியா மாணவர் ஒருவரோடு மகனைப் பேச வைக்கச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். அரசுக் கல்லூரியிலும் இதையே கேளுங்கள். பள்ளியில் கிடைத்த சலுகை அங்கே தானாகத் தொடராது, புதிதாக மனு கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, அவனுக்கு எண்களும் இடம் மாறுகின்றனவா என்று பரிசோதித்துவிடுங்கள். 63 என்பதை 36 என்று எழுதுகிற பிள்ளைக்கு பி.காம். பெரும் சுமை.

பணத்தைப் பொறுத்தவரை, மூன்று வருடப் படிப்புக்கு நான்கு வருடக் கணக்குப் போடுங்கள். அரியர் விழுந்தால் மனம் உடையாமல் எழுத அவனுக்கு அவகாசம் வேண்டும். சென்னை என்றால் அது 8 லட்சம். கல்விக் கடனில் 4 லட்சம் வரை ஜாமீன் சொத்து கேட்க மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் படிப்புக் காலம் முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும்; அவன் அரியர் எழுதிக்கொண்டிருந்தால், வங்கி அவகாசத்தை நீட்டித்தால்தான் தள்ளிப்போகும்.

ராமநாதபுரம் என்றால் வீட்டிலிருந்தே போய்வரலாம். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மிச்சமாகும் பணத்தில் கணக்குப் பதிவியலுக்கு நல்ல டியூஷன் வைக்கலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

சேர்க்கை நேரம் மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்குள், வந்து விழுகிறது. அதற்காகப் படகு முதலாளியிடம் முன்பணம் வாங்காதீர்கள். உங்கள் கணவரை அந்தப் படகோடு கட்டிப்போட்டுவிடும். இந்த வருடம் சமாளித்துவிட்டு, ஜூலையில் வங்கியில் பத்து மாத ஆர்.டி. போடுங்கள். அடுத்த மே மாதம் கையில் பணம் இருக்கும்.

அப்புறம், யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி கற்றல் குறைபாடும் மாற்றுத்திறன்தான். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று இருந்தால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்றால் மத்திய அரசின் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளிகள் வரும் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு முதலிலேயே நடந்துவிடும். இந்த வாரமே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு மகனைக் கூட்டிக்கொண்டு, பழைய மருத்துவச் சான்றுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.