அறையோடு சுற்றிய கேமரா

கேள்வி: பேத்தியோடு 'மை டியர் குட்டிச்சாத்தான்' 3டி படத்தை மறுபடி பார்த்தேன். பிள்ளைகள் சுவரில் ஏறி விட்டத்தில் நடக்கும் பாட்டைப் பார்த்து, "கம்ப்யூட்டர்ல பண்ணது தாத்தா" என்கிறாள். 1984-ல் ஏது கம்ப்யூட்டர்? (அல்சூர் வாசகர், பெங்களூரு)

பதில்: தச்சரும் வெல்டரும் செய்த வேலை என்று சொல்லுங்கள். உருளும் இரும்புச் சட்டத்துக்குள் அறையையே கட்டி, கேமராவை அதோடு சேர்த்துத் திருகிப் பொருத்திவிடுவார்கள். அறை உருண்டால் கேமராவும் உருளும். அதன் கண்ணுக்கு அறை அசையவே இல்லை. பிள்ளைகள் என்னவோ எப்போதும் அடியில் வரும் பக்கத்தில்தான் நடக்கிறார்கள். மூலை வரும் நேரத்துக்குக் காலை மாற்றி வைத்தால் போதும்.

உடையும் முடியும் காட்டிக்கொடுக்காது. விட்டத்தில் நிற்பவருக்கு அவை விட்டத்தை நோக்கியே தொங்கும், பார்ப்பவரும் நம்பிவிடுவார். திரைச்சீலை, தொங்கும் பல்பு, தம்ளர் தண்ணீர்தான் வில்லங்கம். ஒன்று ஆணி அடிக்க வேண்டும், இல்லை எடுத்துவிட வேண்டும். விளக்குகளும் அறையோடு சுற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் நிழல் கடிகார முள் மாதிரி சுவரில் ஓடும். ஹாலிவுட் நடனக் கலைஞர் ஃபிரெட் அஸ்டேர் 1951-லேயே இப்படி விட்டத்தில் ஆடிக் காட்டியவர். கலை இயக்குநர் சேகரும் ஒளிப்பதிவாளர் அசோக்குமாரும் இதை 3டி-யில் செய்தார்கள். இன்றைக்கும் அந்தப் பாட்டு பழசாகாததற்குக் காரணம், அதில் நடப்பதெல்லாம் நிஜமாகவே நடந்ததுதான்.

கேள்வி: இதை வீட்டில் செய்து பார்க்க முடியுமா? (ஸ்ரீராமபுரம் வாசகி, பெங்களூரு)

பதில்: ஆள் வேண்டாம், கோலிக்குண்டு போதும். ஒன்றரை அடி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, உள்ளே பொம்மைக் கட்டில், நாற்காலியை ஓரமாக ஒட்டுங்கள். இரண்டு மரச்சட்டத்தைப் பெட்டியிலிருந்து முன்னால் நீட்டி, அவற்றின் நுனியில் போனைக் கட்டுங்கள். பெட்டியின் விளிம்பு படத்தில் தெரியவே கூடாது. எஸ்.பி. ரோட்டு மின்பொருள் கடைகளில் கிடைக்கும் பேட்டரி எல்.இ.டி. ஒன்றை உள்ளேயே ஒட்டிவிட்டு, ட்யூப்லைட்டை அணையுங்கள். குண்டை உள்ளே போட்டு, பெட்டியைப் போனோடு சேர்த்துச் சக்கரம் மாதிரி மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 20 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை குண்டு மூலையில் மாட்டிக்கொள்ளும். கால் சுற்று முடியும்வரை அங்கேயே கிடந்து, பிறகு விருட்டென்று ஓடும். சார்ட் பேப்பரை வளைத்து நான்கு மூலையிலும் ஒட்டினால் சீராக ஏறும். போனில் ஆட்டம் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது சுழற்சியைச் சரிசெய்யப் பார்த்து, அறையை லேசாக மிதக்கவைக்கும்.

கேள்வி: அந்தக் காலத்து 3டி கண்ணாடி பத்திரமாக இருக்கிறது. டிவியில் போட்டால் ஏன் ஒன்றும் தெரியவில்லை? (சிவாஜிநகர் வாசகர், பெங்களூரு)

பதில்: அது போலராய்டு கண்ணாடி, ஒளி அதிரும் கோணத்தைப் பார்த்து வடிகட்டுவது. இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்குமான இரு படங்களும் வெவ்வேறு கோணத்தில் வடிகட்டப்பட்டுத் திரையில் ஒன்றாக விழ வேண்டும். டிவியில் வருவது ஒரே படம். தியேட்டரிலும் சாதா வெள்ளைத் திரை உதவாது, வெளிச்சத்தைச் சிதறடித்து வடிகட்டியதைக் கலந்துவிடும். வெள்ளி நிறப் பூச்சுள்ள திரை போட்டது அதற்காகத்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தவர்களுக்குப் படம் இரண்டாகத் தெரிந்ததும் இந்தக் கோணக் கணக்கால்தான்.