அரிச்சல்முனை மணல் யார் போட்டது?

கேள்வி: தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கடலுக்குள் நீளும் மணல்திட்டு, நம்ம வைகை கொண்டுபோய்ச் சேர்த்ததா?
– வாசகர், செல்லூர், மதுரை

பதில்: வைகைக்கு அவ்வளவு தெம்பு ஏது! வெள்ளம் பெரும்பாலும் கண்மாய்களில், கடைசியாக ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடும்.

திட்டைக் கட்டுவது அலைதான். சாய்வாகக் கரையேறும் அலை மணலையும் சாய்வாகத் தள்ளும். திரும்பும் தண்ணீரோ சரிவில் நேராக இறங்கும். இப்படி ரம்பப் பல் போல ஏறி இறங்கியே மணல் கரையோரமாக நகர்கிறது. கரை திரும்பும் இடத்தில் நீரோட்டம் தளரும்; பருமணல் முதலில் படியும், வண்டல் அசையாத நீரில்தான் தங்கும்.

தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமும், வடகிழக்கில் பாக் நீரிணைப் பக்கமும் அலை ஓங்கும். அதனால் முனையின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். குறுக்கே கல்சுவர் போட்டால், மணல் வரும் பக்கம் குவியும். மறுபக்கம் கரை அரிக்கும்.