மூளைப் படம் இருக்கட்டும், சட்டைப் பொத்தான் போடுகிறாரா?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 4 மாதம். விஆர் (கண்ணில் ஹெட்செட் மாட்டி, கணினிக் காட்சிக்குள் செய்யும்) பயிற்சி மட்டும் போதுமா? (ஜெயநகர்)

போதாது. பிசியோதெரபியோடு சேர்த்துச் செய்தால்தான் கூடுதல் பலன். 70-க்கும் மேற்பட்ட சோதனைகளை அலசிய காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் 2017 தொகுப்பும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. அப்புறம், வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்து அவரை எழுப்பாதீர்கள். தோள் இறங்கிவிடும்.

அம்மாவுக்கு வலிப்பு உண்டு. ஹெட்செட் போடலாமா? (அல்சூர்)

நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

கை அசையவே இல்லை. திரையில் கை அசைவதைப் பார்த்து என்ன லாபம்? (ஸ்ரீராமபுரம்)

லாபம் உண்டு. அசைவைப் பார்த்தாலும், அசைப்பதாக நினைத்தாலும், அசைவுக்கான மூளைப் பகுதியில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான மியூ என்னும் மின் அலை தணியும். அந்தப் பகுதி வேலையில் இறங்குகிறது என்று அர்த்தம். ஆனால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் அசைக்க முயல வேண்டும்.

பயிற்சியின்போது இஇஜி (மூளையின் மின் அலைப் பதிவு) எடுத்தார்கள். மூளையின் இரண்டு பக்கமும் சிவப்பாக ஒளிர்ந்தது. குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? (மாரத்தஹள்ளி)

இல்லை. இந்த மாதம் இதே கேள்வியோடு பல கடிதங்கள். எந்தப் பக்கம் பாதிப்பு, டம்ளரைப் பிடிக்கிறாரா என்று ஒருவரும் எழுதவில்லை. படத்தை மட்டும் அனுப்புகிறீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு பலவீனமான கையை அசைத்தால் பாதிக்கப்படாத பக்க மூளையும் சேர்ந்து உழைக்கும். நன்றாகத் தேறுகிறவர்கள் பலருக்கு, போகப்போக வேலை பாதிக்கப்பட்ட பக்கத்துக்கே திரும்பும். ஆகவே இரண்டு பக்கமும் சிவப்பு என்பதை வைத்துச் சந்தோஷப்பட முடியாது. பல்லைக் கடித்தாலும், கண் இமைத்தாலும், ஹெட்செட் பட்டை உரசினாலும் இஇஜியில் அலை ஏறும். அதைக் கவனமாக வடிகட்டாத படத்துக்கு மதிப்பில்லை. 2016-ல் வெளியான ஒரு சோதனையில் சுமார் 140 பேரில் பாதிப் பேர் கையை அசைத்து ஆடும் ‘வீ’ (Wii) வீடியோ விளையாட்டு ஆடினார்கள், மற்றவர்கள் சீட்டு போன்ற சாதாரண விளையாட்டு ஆடினார்கள். இரு தரப்புக்கும் கை ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறியது. படத்துக்குத் தரும் பணத்தைக் கூடுதல் பயிற்சி நேரத்துக்குக் கொடுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை கட்டைகளை எடுத்து மறுபக்கம் போடுகிறார், 10 மீட்டர் நடக்க எத்தனை விநாடி, பொத்தான் போடுகிறாரா என்று இன்றே குறித்துவைத்து, ஒரு மாதம் கழித்து ஒப்பிடுங்கள்.

ஹெட்செட் போட்டால் குமட்டுகிறது. (எஜிபுரா)

உட்கார்ந்து, முதலில் 5 நிமிடம் மட்டும் செய்யுங்கள். குமட்டல் தொடர்ந்தால் நிறுத்துங்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் நிற்கவே வேண்டாம். கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம்.

எந்த ஹெட்செட் வாங்கலாம்? (ஊர் எழுதவில்லை)

வயது, பாதித்த பக்கம், எத்தனை மாதம் ஆயிற்று, எதுவுமே இல்லாமல் எப்படிச் சொல்வது? வாங்கும் முன் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள்.